ஆறு கேப் கேட்டு வந்தவர்: காவிக் கறையும் கறுத்த முன்பல்லும் – ஒரு நிகழ்வு ஆய்வு

தர்மபுரிப் பக்கம் பல் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் வந்து நாற்காலியில் சாய்ந்ததும், பெயருக்கு அடுத்தபடியாக, "எந்த ஊரு? சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்போம். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.

இவருக்கு 26 வயது. பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் வேலை. நான்கு மாதத்தில் கல்யாணம். அம்மாவும் கூட வந்திருந்தார், பேசியதெல்லாம் அம்மாதான்.

"மேல இருக்கிற ஆறு பல்லுக்கும் கேப் போட்டுடுங்க டாக்டரம்மா. இவ வாயத் தொறந்து சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

மகள் பதில் சொன்னபோதெல்லாம் வலது கை வாய்க்கு முன்னால் வந்து நின்றது. அதையும் நோயாளிக் குறிப்பில் எழுதி வைத்தேன். சிகிச்சை பலித்ததா என்று பிறகு பார்க்க நிறப்பலகையைவிட அந்தக் கை நல்ல அளவுகோல்.

ஆறு கேப் என்பது அவர்களாக யோசித்த எண் அல்ல. ஏற்கெனவே ஓரிடத்தில் காட்டி, ஆறு சிர்கோனியா கிரவுனுக்கு (பீங்கான் வகைக் கேப்புக்கு) விலையும் கேட்டுக்கொண்டுதான் என்னிடம் வந்தார்கள்.

வாய்க்குள் பார்த்தது

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. முதலாவது ஃப்ளோரோசிஸ், அதாவது பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் வரும் பாதிப்பு. எல்லாப் பற்களிலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்மைத் திட்டுகள். மேல் வெட்டுப்பற்கள் நான்கிலும் நடுப்பகுதியில் குறுக்காகக் காவிப் பட்டை. இந்தப் பாதிப்பின் கடுமையை எண்ணால் சொல்லும் தைல்ஸ்ட்ரப்–ஃபெயர்ஸ்கவ் அளவுகோலில் பெரும்பாலான பற்களுக்கு 3 கொடுத்தேன், நடுப்பற்கள் இரண்டுக்கும் 4. வலது பக்கவாட்டுப் பல்லில் (12) ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி இருந்ததால் அதற்கு 5.

இரண்டாவது, இடது நடுப்பல் (21). அது காவி இல்லை, சாம்பல். 14 வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உள்முனை உடைந்திருக்கிறது. மூன்று வருடம் கழித்துச் சீழ் வைத்து, ரூட் கெனால் செய்து, உடைந்த மூலையை காம்போசிட்டால் (பல் நிறப் பிசினால்) அடைத்திருக்கிறார்கள். அந்த அடைப்பு மஞ்சளாகி, ஓரம் முழுக்கக் கறை பிடித்திருந்தது. பல்லின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வீட்டா நிறப்பலகையில் அந்தப் பல் சி4, நல்ல கருஞ்சாம்பல். பக்கத்துப் பல்லை, காவிப் பட்டையை விட்டுப் பார்த்தால், வெளிர்நிறமான ஏ2 எனலாம்.

எக்ஸ்ரேயில் வேர் நுனிவரை கட்டா பெர்ச்சா (வேர்க்குழாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) ஒழுங்காக நிரம்பியிருந்தது. நுனியில் நிழல் இல்லை, தட்டினால் வலி இல்லை. ஆனால் அந்தக் கட்டா பெர்ச்சா வேரோடு நிற்காமல் பல்லின் தலைப்பகுதிக்குள்ளும் ஏறியிருந்தது. பல் கறுத்ததற்கான காரணம் அங்கேதான் இருக்கும் என்று தோன்றியது. ரூட் கெனால் செய்பவர்கள் வேர் நுனியில் காட்டும் அக்கறையில் பாதியையாவது கழுத்துப் பகுதியில் காட்டினால், கறுத்த முன்பல்லோடு வருபவர்கள் பெரிதும் குறைவார்கள்.

மற்றவை சுருக்கமாக: ஈறில் லேசான இரத்தக் கசிவு, கீழ் முன்பற்களுக்குப் பின்னால் காறை, ஒரு கடைவாய்ப் பல்லில் சிறு சொத்தை. மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களை 3 மில்லிமீட்டர் மூடின. தாடையை முன்னே நீட்டும்போது பாரம் வலது, இடது நடுப்பற்கள் (11, 21) இரண்டின்மேலும் விழுந்தது. சிரித்தால் ஈறின் ஓரம் தெரியும். கேப்பும் ஈறும் சேரும் இடத்தில் நாளை கோடு விழுந்தால் ஒளிக்க முடியாத சிரிப்பு.

தண்ணீர்

இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்துக் கருங்கல் பாறைக்குள் ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் கலந்திருக்கின்றன. மழை பொய்க்கப் பொய்க்க போர்வெல் ஆழமாகப் போனது. நீர் பாறையோடு கிடந்து ஊறிய காலமும் கூடியது. காவிரி நீரை எடுத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. நடுப்பல்லின் எனாமல் உருவாகி முடிவது நான்கைந்து வயதுக்குள். இவருக்கு அந்த வயதெல்லாம் போர் தண்ணீரில்தான் கழிந்தது.

இது இந்த ஊருக்கு மட்டும் வந்த வினை இல்லை. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1901இல் தொழில் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் இதே காவிப் பற்களைப் பார்த்துத் திகைத்தார். காரணம் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு என்று தெரிய 1931 ஆகிவிட்டது.

சிகிச்சைக்கு முக்கியமானது வேறொரு விஷயம். எனாமல் முதிரும் பருவத்தில் அதன் புரதங்கள் வெளியேறி அந்த இடத்தைத் தாது நிரப்ப வேண்டும். ஃப்ளோரைடு மிகுந்தால் இது தடைப்படுகிறது. மேலே கெட்டியான மெல்லிய தோல், அதற்கடியில் நுண்துளைகள் நிறைந்த அடுக்கு என்று பல் முளைக்கிறது. வெண்மை அந்தத் துளைகளால் வருவது. காவி நிறமோ முளைக்கும்போது கிடையாது. முளைத்த பிறகு வெளியிலிருந்து ஊறி ஏறுவது. ஆக, காவி மேலோட்டம், வெண்மை சற்று ஆழம், 21இன் சாம்பல் பல்லுக்குள்ளிருந்து வருவது. மூன்று நிறம், மூன்று ஆழம்.

கேப் ஏன் வேண்டாம்

கேப் போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் இழைக்க வேண்டும். முன்பல்லின் தலைப்பகுதியில் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது என்று 2002இல் வெளியான ஓர் ஆய்வு எடைபோட்டுக் காட்டியது. பல்லின் முகப்பில் மட்டும் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடான வெனீர் என்றால் வடிவத்தைப் பொறுத்து 3 முதல் 30 சதவீதம். இவருடைய ஆறு பற்களில் ஐந்து உயிருள்ளவை, சொத்தை இல்லாதவை. 26 வயதுப் பல்லில் கூழறையும் (நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள உள்ளறை) பெரிதாகவே இருக்கும். இன்று இழைத்துக் கேப் போட்டால் வாழ்நாளில் இரண்டு மூன்று முறையாவது அதைக் கழற்றி மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் பல் இன்னும் கொஞ்சம் சிறுக்கும்.

வெனீரை நான் உடனே தள்ளிவிடவில்லை. ஆனால் அரை மில்லிமீட்டர் பீங்கானுக்குப் பின்னால் சி4 நிறப் பல் இருந்தால் அது ஊடுருவித் தெரியும். மறைக்க வேண்டுமானால் பீங்கானைத் தடிமனாக்க வேண்டும், பல்லை இன்னும் இழைக்க வேண்டும். எப்படியும் 21ஐ வெளுக்காமல் எதுவும் நடக்காது. அப்படியென்றால் முதலில் அதைச் செய்துவிட்டு, என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் என்ன?

திட்டம் அப்படித்தான் உருவானது: குறைவாக வெட்டும் வேலை முதலில், ஒவ்வொன்றின் முடிவையும் பார்த்துவிட்டு அடுத்தது. எங்கே போதும் என்று தோன்றுகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். போதாவிட்டால் வெனீர் போட அப்போதும் எனாமல் இருக்கும். இழைத்த பல்லை வளர்க்கத்தான் வழியில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு வாரத்துல முடியுற வேலைய மூணு மாசம் இழுக்கறீங்களே" என்றார். நியாயமான கேள்வி. இழைக்காத ஒரு பல்லையும் கேப்புக்காக இழைத்த ஒரு பல்லையும் மாவுக்கல் மாதிரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மகள் இழைத்ததைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தரச்சோதனைக்காரர் அல்லவா. "இது பென்சில் சீவின மாதிரி இருக்கு மேடம்" என்றார். அதற்குப் பிறகு அவரே பேச ஆரம்பித்தார்.

21க்குள்

முதல் வாரம் பல் சுத்தம், கடைவாய்ச் சொத்தை அடைப்பு, படங்கள். அடுத்த வாரம் 21.

பின்பக்கமாகப் பழைய அடைப்பைத் திறந்தபோது எதிர்பார்த்ததுதான் கிடைத்தது: தலைப்பகுதியில் கட்டா பெர்ச்சா, கூழறையின் மூலைகளில் எடுக்கப்படாமல் கறுத்துப்போன எச்சம். எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, கட்டா பெர்ச்சாவை ஈறுக்கோட்டுக்குக் கீழே 2 மில்லிமீட்டர் வரை குறைத்தேன். அதன்மேல் கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்டால் 2 மில்லிமீட்டர் தடுப்பு. இந்தத் தடுப்பைத் தட்டையாகப் போடக்கூடாது. எனாமலும் வேரும் சந்திக்கும் கோடு பல்லின் முன்னாலும் பின்னாலும் தாழ்ந்து, பக்கங்களில் உயர்ந்து ஓடும். தடுப்பின் மேல்விளிம்பும் அப்படியே ஏறி இறங்க வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் திறந்துகிடக்கும் டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு) வழியாக, உள்ளே வைக்கப்போகும் வெளுப்பு மருந்து வேர்ப்பக்கம் கசியும்.

அந்தக் கசிவுக்கு ஏன் இவ்வளவு பயம்? உள்வெளுப்பின் கெட்ட பெயரே கழுத்துப் பகுதியில் வேர் வெளியிலிருந்து அரிக்கப்படுவதுதான். அடிபட்ட பல், 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, வெப்பம் ஆகியவை சேரும்போது இந்த ஆபத்து கூடுகிறது. இவருடையது அடிபட்ட பல். அதனால் பெராக்சைடையும் வெப்பத்தையும் ஒதுக்கிவிட்டு, சோடியம் பெர்போரேட் பொடியை வடிநீரில் ஈரமணல் பதத்துக்குக் குழைத்து வைத்தேன். 1961இல் ஸ்பாசர் எழுதிய பழைய முறை. மெதுவாக வேலை செய்யும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான்காவது நாளே தற்காலிக அடைப்பு பெயர்ந்துவிட்டதென்று போன் வந்தது. முந்தின நாள் சாப்பிட்ட முறுக்கின்மேல் பழியைப் போடலாம்தான். ஆனால் அடைப்பை மெல்லியதாக விட்டது நான். மறுபடி 3 மில்லிமீட்டர் தடிமனுக்குப் போட்டேன், பிறகு அசையவில்லை. வாரம் ஒருமுறை மருந்து மாற்றினோம். மூன்றாவது வாரம் சாம்பல் போய், 21 தன் பக்கத்துப் பல்லைவிட ஒரு படி வெளுத்திருந்தது. அங்கே நிறுத்தினேன். வெளுத்த பல் கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் ஒரு படி அதிகமாக இருப்பது நல்லதே. உள்ளே இரண்டு வாரத்துக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு.

வெளிப்பரப்பு

உள்வெளுப்பு நடந்துகொண்டிருந்தபோதே காவியில் கைவைத்தோம். அமிலமும் உராய்பொருளும் கலந்து மேற்பரப்பைத் தேய்க்கும் மைக்ரோஅப்ரேஷனை 1986இல் குரோலும் கவனாவும் 18 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பியூமிஸ் தூளையும் கொண்டு செய்து காட்டினார்கள். இப்போது கிடைக்கும் பசைகளில் அமிலம் அதைவிடக் குறைவு. நான் பயன்படுத்தியதில் 6.6 சதவீதம், கூடவே சிலிக்கான் கார்பைடு துகள்.

பற்களை மட்டும் வெளியே விட்டு மற்றதை மூடும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் கட்டி, மெதுவேகக் கைக்கருவியில் ரப்பர் கிண்ணத்தை மாட்டி ஒரு நிமிடம் தேய்ப்பு. கழுவு, ஈரத்தோடு பார், மறுபடி. 11இல் நான்கு சுற்று போனது. மூன்றாவது சுற்றில் காவி வெளிறி, தேநீர்க் கறை படிந்த கோப்பையைத் துலக்குவதுபோல ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கழன்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் பல்லை நுனிப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முகப்பு குழிவதுபோலத் தெரிந்தால் காவி மிச்சமிருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். 12இல் குழி இருந்த இடத்தில் அப்படித்தான் பாதியில் நிறுத்தினேன்.

எனாமல் மெலிந்தால் கீழேயுள்ள டென்டினின் மஞ்சள் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். ஆகவே வீட்டு வெளுப்பு இதற்குப் பிறகுதான் வர வேண்டும். உறைபோன்ற தட்டு செய்துகொடுத்து, 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு, இரவில் மட்டும், மூன்று வாரம். இரண்டாம் வாரம் கூச்சம் தாங்கவில்லை என்றார். இரண்டு இரவு இடைவெளி விட்டு, பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைத் தட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னதும் அடங்கியது.

வெளுப்பின் நடுவில் வெண்திட்டுகள் முன்பைவிடப் பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி பயந்துபோவார். இவரிடம் சொல்லியிருந்தேன். ஆனாலும் பதினோராம் நாள் இரவு பத்து மணிக்கு ஒரு செல்ஃபி வந்தது, கீழே ஒரே ஒரு கேள்விக்குறியோடு.

எண்ணெய்க் காகிதம்

வெளுப்பு முடிந்ததும் இரண்டு வாரம் எதையும் தொடவில்லை. பல்லுக்குள் தங்கும் ஆக்சிஜன், அடுத்து வைக்கப்போகும் பிசினை (ரெசினை) இறுகவிடாது. கல்யாணத் தேதி நெருங்கும்போது இந்த இரண்டு வாரத்தைச் சுருக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும்.

பிறகு வெண்மைக்குப் பிசின் ஊடுருவல். அம்மாவுக்கு நான் விளக்கியது இப்படி: வடையை வைத்த காகிதத்தில் எண்ணெய் இறங்கினால் அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிறதே, அதேதான். காகித நாருக்கு இடையில் காற்று இருக்கும்வரை ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் நிரம்பினால் சிதறல் குறைகிறது. எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. துளைக்குள் போகும் பிசினுக்கு 1.5க்குப் பக்கம். எனாமலோடு அது நெருங்குவதால் திட்டு கரைந்ததுபோலத் தோன்றும்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலக் களி இரண்டு நிமிடம், கழுவல், பிறகு எத்தனால். எத்தனால் பட்ட கணத்தில் திட்டு மறைகிறதா என்று பார்க்க வேண்டும். மறைந்தால் பிசினும் அங்கே போய்ச்சேரும். பக்கவாட்டுப் பற்கள் (12, 22), கோரைப்பற்கள் எல்லாம் முதல் முறையே மறைந்தன. 11இன் நடுவில் அரிசி அளவுத் திட்டு ஒன்று அசையவில்லை. மறுபடி அமிலம், மறுபடி எத்தனால். மூன்றாம் முறை ஓரங்கள் கரைந்தன, நடு அப்படியே நின்றது. இனியும் அமிலம் வைத்தால் லாபத்தைவிட நட்டம் அதிகம் என்று பிசினை மூன்று நிமிடம் ஊறவிட்டு, ஒளியில் இறுக்கி, இரண்டாம் பூச்சுக்கு ஒரு நிமிடம் கொடுத்து முடித்தேன். 12இன் சிறு குழியை காம்போசிட்டால் மூடினேன்.

உடைந்த மூலை

கடைசி வேலை 21இன் மூலை. ரூட் கெனால் செய்த பல் என்பதால் கேப் போட்டே ஆக வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கடைவாய்க்கு அதில் நியாயம் உண்டு. சுற்றுச்சுவர் நிற்கிற முன்பல்லுக்கு அவசியமில்லை. வேருக்குள் இறக்கும் கம்பி போன்ற ஃபைபர் போஸ்டும் வைக்கவில்லை. போஸ்ட் பல்லுக்குப் பலம் தராது. மேலே கட்டுவதற்குப் பிடிமானம் தருவதோடு அதன் வேலை முடிந்தது, இங்கே பிடிமானத்துக்குப் பஞ்சமில்லை.

முந்தின வாரமே பல்லில் ஒட்டாமல் மாக்-அப் (ஒத்திகை வடிவம்) செய்து, வடிவம் பிடித்திருக்கிறதா என்று கேட்டு, பின்பக்கத்தை சிலிக்கான் அச்சில் எடுத்து வைத்திருந்தேன். வேலை நாளன்று ரப்பர் டேம் கட்டும் முன்பே நிறம் பார்த்தேன். காம்போசிட்டைக் கடுகளவு உருட்டி 11மேல் வைத்து ஒளியில் இறுக்கினால், எது ஒத்துப்போகிறது என்று கண்ணுக்கே தெரியும். டென்டினுக்கு ஏ2, மேலே ஏ1 எனாமல்.

பிறகு ஒரு தப்பு செய்தேன். பின்சுவர் எழுப்பி, டென்டின் அடுக்கில் மூன்று விரல்போல மேடுகள் இழுத்து, மேல் எனாமலுக்கு வரும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ரப்பர் டேமுக்குள் காய்ந்த 11 நல்ல வெள்ளையாக நின்றது. காய்ந்த பல் வெளுக்கும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். இருந்தும் கண்முன் இருந்த நிறத்தை நம்பி, தேர்ந்து வைத்ததை விட்டுவிட்டு ஒரு படி வெளுத்த எனாமலை எடுத்தேன். முடித்தபோது இரண்டு பல்லும் அச்சு அசலாக இருந்தன. படமெல்லாம் எடுத்தோம்.

இரண்டு நாளில் 11 எச்சில் ஈரத்தை வாங்கித் தன் நிறத்துக்குத் திரும்பியது. 21இன் மூலை மட்டும் சாக்பீஸ் ஒட்டினதுபோல நின்றது. மறுவாரம் வரவழைத்து, மேலே அரை மில்லிமீட்டர் சீவி எடுத்தேன்.

இரண்டாம் முறை அமைந்த நல்லது, மூலையின் நிறத்தோடு நின்றுவிடாமல் 11ஐ முழுதாகப் பார்த்தேன். அதில் அந்த அரிசித் திட்டு இருந்தது. பக்கத்தில் திட்டே இல்லாத மூலை வந்தால் எவ்வளவு நிறம் பொருந்தினாலும் பொய்யாகத் தெரியும். வெள்ளைச் சாயத்தை நுண்தூரிகையில் தொட்டு, டென்டினுக்கும் எனாமலுக்கும் நடுவில் மங்கலாக ஒரு கீற்று, அதற்குக் கீழே இன்னொன்று. அவர் கண்ணாடியில் பார்த்து, "இதுலயும் வெள்ள புள்ளி வெச்சீங்களா?" என்றார். எடுத்துவிடவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "வேணாம் மேடம், இப்பதான் என் பல்லு மாதிரி இருக்கு" என்றார்.

கிளிசரின் களி பூசிக் கடைசியாக ஒருமுறை இறுக்கி, முகப்பின் மேடுபள்ளங்களை 11ஐப் பார்த்துச் செதுக்கி, தட்டுகளால் மெருகேற்றினேன். கடிபடும் இடத்தில் குறி விழவைக்கும் வண்ணத் தாளை வைத்து தாடையை முன்னே நீட்டச் சொன்னபோது குறி ஒட்டுக்கோட்டின்மேல் விழுந்தது. அதைச் சரிசெய்து, பாரம் அசல் பல்லின்மேல் விழும்படி மாற்றினேன். மூலை மறுபடி உடைவது பெரும்பாலும் இந்த ஒரு குறியைக் கவனிக்காமல் விடுவதால்தான்.

ஓராண்டுக்குப் பின்

மொத்தம் பதினொரு வருகை, ஏறக்குறைய மூன்று மாதம். மருந்துச் செலவு கேப்பைவிடக் குறைவு, நாற்காலி நேரம் மிக அதிகம். பல் மருத்துவர்கள் இந்த வழியில் போகத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஓராண்டு கழித்து வந்தபோது எடுத்த எக்ஸ்ரேயில் 21இன் கழுத்தில் அரிப்பு இல்லை. ஈறோரத்தில் அந்தப் பல் அரைப்படி மங்கியிருக்கிறது. தேவைப்பட்டால் மறுபடி திறந்து வெளுக்க முடியும். காம்போசிட்டின் ஓரத்தில் லேசான கறை, மெருகேற்றியதும் போனது. 11இன் திட்டு இருக்கிறது. அந்தக் கை, வந்து உட்கார்ந்ததிலிருந்து கிளம்பும்வரை, வாய்ப்பக்கம் வரவில்லை.

அன்றைக்குத் தன் அண்ணன் மகளையும் கூட்டிவந்திருந்தார். எட்டு வயது, முன்பற்கள் முளைத்து முழுதாக இறங்கியிருந்தன. "இவளுக்கும் வருமான்னு பாத்துச் சொல்லுங்க." காற்றடித்துக் காயவைத்துப் பார்த்தபோது குறுக்காக நூல் போன்ற வெண்கோடுகள் மட்டும் தெரிந்தன. எச்சில் பட்டதும் அவையும் மறைந்தன. குடிப்பது குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர்தானாம்.

"சோறு ஆக்க?"

"அதுக்கு போர் தண்ணிதான். நல்லா கொதிக்க வெச்சுடுவோமே."

கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும் என்று சொன்னதும் இருவர் முகமும் மாறியது. கடைவாய்ப் பற்களில் சில இன்னும் முளைக்காத வயது. சமையல் தண்ணீரையும் மாற்றச் சொல்லி, அந்த போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுக்கும்படி எழுதித் தந்திருக்கிறேன்.